நானூறு கிராம்

என் மாமா கபடியில் இந்திய அணிக்கு ஆடியிருக்க வேண்டியவர். இதை நானாகச் சொல்லவில்லை. திருவண்ணாமலையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு உச்சுக்கொட்டி, "நானூறு கிராம்ல போச்சுங்க" என்பார்கள். டீக்கடையில், சலூனில், கல்யாணப் பந்தியில் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த நானூறு கிராம் எங்கள் ஊரில் புழங்கிக்கொண்டிருக்கிறது. அதை என் கையால் வாங்கிக் கொடுத்தவள் நான் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு கிராமத்துக்காரர். கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு பாயும் டிரங்குப் பெட்டியுமாக எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். படிக்க வந்ததாகத்தான் பேச்சு. முதல் வருஷமே கல்லூரி அணியில் எடுத்துக்கொண்டார்கள். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக் களத்துக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வருகிற வேலை அவருடையது. மற்றவர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிங்கம்போலப் போவார்கள். மாமா, பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கப் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவார். ஏழு பேரும் அவரைச் சாதுவென்று நம்பி ஓரடி முன்னால் வரும்போது இடது கால் எங்கிருந்தோ பறந்து வந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். அந்தக் காலைப் பார்க்கவே செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

அப்போதுதான் வடாற்காட்டைப் பிரித்து எங்கள் ஊரை ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரம் ஆக்கியிருந்தார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கலெக்டர் வந்துவிட்டார், எஸ்.பி. வந்துவிட்டார். ஆனால் மாநில அணியில் எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. முன்பெல்லாம் நம்ம பையன்களை வேலூர்க்காரர்கள் அமுக்கிவிடுவார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இனி அந்தச் சாக்கும் கிடையாது. ஆகவே புது மாவட்டத்தின் மானம் முழுவதும் மாமாவின் இடது காலில் வந்து தொங்கியது. இருபது வயதுக்கு உட்பட்டவர்களின் மாநில அணியில் ஒரு இடம் கிடைத்துவிட்டால் போதும், ரயில்வேயில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள், அங்கிருந்து டெல்லி, அங்கிருந்து ஆசியப் போட்டி என்று சலூனிலேயே எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது.

எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் பொறுப்பு. உயிர்த்தோழியின் பெயரையே எழுதி அடி வாங்கிக் கொடுத்தவள் நான். எதிலும் எனக்குச் சந்தேகமே வந்தது கிடையாது. மாமா இந்தியாவுக்கு ஆடப்போகிறார் என்று வகுப்பில் அறிவித்து, அதைக் கேட்டுச் சிரித்த ஒரு பையனின் பெயரை அவன் வாயைத் திறக்காதபோதே எழுதிவிட்டேன்.

தீபத்துக்கு அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம் ஒன்றிலிருந்து வந்த மாமா இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். சளி என்றார். அதற்குப் பிறகு அவர் ஆட்டம் கொஞ்சம் மாறியது. முன்புபோலக் காலை வீசுவதில்லை. கோட்டுக்குப் பக்கத்திலேயே பாடிக்கொண்டு நின்று, மற்றவர்களைப் பதற வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். "பையன் முத்திட்டான், காலால ஆடறத வுட்டு மூளையால ஆடறான்" என்று ஊர் மெச்சிக்கொண்டது. நானும் அதையே மறுநாள் வகுப்பில் சொன்னேன்.

பங்குனியில் மாநில அணிக்கு ஆள் எடுப்பு. எங்கள் ஊரிலேயே கல்லூரி மைதானத்தில், சனிக்கிழமை மாலை எடை பார்ப்பார்கள், ஞாயிறு காலை ஆட்டம். எடை அறுபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் கவலை இருக்கவில்லை. காரணம் அப்பா. அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவை மண்டிக்குக் கூட்டிப்போய், மூட்டை போடுகிற பெரிய தராசில் ஏற்றி நிறுத்துவார். அறுபத்து நாலுக்கு மேல் அது காட்டியதே இல்லை. "இன்னும் ஒரு கிலோவுக்கு எடம் கீதுடி" என்று அம்மாவிடம் வந்து சொல்வார். அம்மா அந்த ஒரு கிலோவை நிரப்பப் பார்ப்பாள். முட்டை, கேழ்வரகுக் களி, ஆட்டுக்கால் சூப்பு என்று அவள் பங்குக்கு. தெருவும் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டில் வெண்ணெய், இன்னொரு வீட்டில் கறி. ஜெயிக்கப்போகிற பையனின் வயிற்றுக்குள் தன் வீட்டுச் சாப்பாடும் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரி பி.டி. மாஸ்டர், எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று பையன்களை ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த எடை மிஷினில் மாமா ஏறியதும் முள் அறுபத்தாறரையில் போய் நின்றது. மாஸ்டர் மாமாவை இறங்கச் சொல்லி, தான் ஏறிப் பார்த்து, மறுபடி மாமாவை ஏற்றினார். அதே அறுபத்தாறரை.

செய்தி வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. மண்டித் தராசு கொஞ்சம் கம்மியாகத்தான் காட்டும். மூட்டையோடு வருகிற விவசாயிக்கு அது தெரியாது, மண்டியில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் மல்லாட்டை மூட்டைக்குக் கம்மியாகக் காட்டுகிற தராசு மச்சானுக்கும் அப்படியே காட்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒன்ற கிலோ, மாமா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அப்பா கையைக் கழுவினார். "மலை சுத்தி ஓடு. பதினாலு கிலோமீட்டர். தன்னால எறங்கிடும்" என்றார்.

எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் முதலில் தோன்றுகிற வழி அதுதான். பரீட்சையில் தேற, கல்யாணம் கூட, கேஸ் ஜெயிக்க எல்லாவற்றுக்கும் மலையைச் சுற்றுகிறவர்கள் எடை குறையவும் சுற்றலாம்தானே. வேர்வை நன்றாக இறங்க வேண்டும் என்று பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர் தன் கம்பளி ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் கொண்டுவந்து கொடுத்தார். மாமா கேன்வாஸ் ஷூவை மாட்டினார். அம்மா விடவில்லை.

"மலை சுத்தறதுக்குச் செருப்பு போட்டுனு போவியா? கழட்டு."

"அக்கா, இது சாமிக்கு இல்ல, எடைக்கு."

"எதுக்கா இருந்தா இன்னா, சுத்தறது அவரத்தான?"

மாமா ஷூவைக் கழற்றினார். ராஜகோபுரத்துக்கு எதிரில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றாள். அதுவும் நடந்தது. உடைத்த தேங்காயில் ஒரு சில்லை வழக்கம்போல மாமாவின் வாயில் போடப்போனவளை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

பங்குனி வெயில், மத்தியானம் பன்னிரண்டு மணி, ரோட்டில் ஈ காக்கை இல்லை. முன்னால் அப்பா சைக்கிள் மிதிக்க, கேரியரில் பின்பக்கம் பார்த்து நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே கம்பளி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக மாமா ஓடி வந்தார். என் மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு சொட்டுகூட விழுங்கக் கூடாது. அதைக் கண்காணிப்பது என் வேலை. வகுப்பு லீடருக்கு இதெல்லாம் சாதாரணம். அவர் துப்பும்போது தொண்டை அசைகிறதா என்று உற்றுப் பார்த்தேன்.

அக்கினி லிங்கத்துக்கு அருகே ஒரு வயதான தம்பதி மாமாவைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இந்த வெயிலில் கம்பளி போட்டுக்கொண்டு ஓடுகிறவர் பெரிய விரதக்காரராகத்தான் இருக்க வேண்டும். கிழவர் அப்பாவை நிறுத்தி, "இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார்.

"ஒன்ற கிலோ கொறையணுங்க" என்றார் அப்பா.

கிழவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "அண்ணாமலையான் கொறச்சிடுவாரு" என்று வாழ்த்திவிட்டுப் போனார். மாமா சிரித்தார். அதற்குப் பிறகு ரொம்ப தூரத்துக்குச் சிரிக்கவில்லை. ஓட்டம், ஓட்டமும் நடையுமாக ஆனது. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். தார் சுடுகிறது என்று நினைத்தேன்.

அடி அண்ணாமலையை நெருங்கும்போது சைக்கிளின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. முள். அப்பா எங்கள் இருவரையும் சாலையோர மண்டபத்து நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு, ஊருக்குள் பஞ்சர் கடையைத் தேடிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், "பாத்துக்கோ, ஒரு சொட்டு உள்ள போவக் கூடாது. மாமாவோட வாழ்க்கையே இப்ப உன் கையிலதான் கீது" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

மாமா குல்லாவைக் கழற்றினார். பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். இடது முட்டி, நல்ல விளாம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஓடினால் வீங்கத்தான் செய்யும் என்று நான் சொன்னேன். "ஆமா பாப்பா" என்றார். பிறகு மலையைப் பார்த்தார். பிறகு எதிரில் இருந்த பெட்டிக்கடையைப் பார்த்தார்.

"ரெண்டு சோடா வாங்கினு வா."

"அப்பா கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"தெரியும். போய் வாங்கினு வா."

"எட ஜாஸ்தியாயிடும், மாமா."

"ஆவாது. நான் உனக்கு எப்பனா பொய் சொல்லிகீறனா?"

சொன்னதில்லை. உண்மையிலேயே அவர் எனக்கு அதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவர் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. இவ்வளவு பெரிய ஆள் ஒரு குழந்தையிடம் கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. போனேன். இரண்டு கோலி சோடா வாங்கி வந்தேன். ஒன்றை மூச்சு விடாமல் குடித்தார், களத்தில் பாடுகிற அதே மூச்சு. இரண்டாவதையும் குடித்தார். பிறகு கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு அதையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

"உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றார். சரியென்று தலையாட்டினேன். என்னை அடி வாங்காமல் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பா வந்தார், சைக்கிளில் ஏறினேன், மாமா மீதித் தூரத்தையும் ஓடி முடித்தார்.

நாலு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. மாமா பனியனைக் கழற்றிவிட்டு டிராயரோடு எடை மிஷினில் ஏறினார். குனிந்து பார்த்த அதிகாரி, "அறுபத்தஞ்சு நானூறு" என்றார். பிறகு யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவை சொன்னார். அப்பா கெஞ்சினார். அதிகாரி கெட்டவர் இல்லை. அரை மணி நேரம் தருகிறேன், அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றார்.

அரை மணியில் என்ன செய்ய முடியும்? இது கோயில் ஊர். மொட்டை போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. யாரோ ஓடிப்போய் ஒருவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மைதானத்து ஓரத்தில் வேப்ப மரத்தடியில் மாமா தலையைக் கொடுத்து உட்கார்ந்தார். அடர்த்தியான சுருட்டை முடி அவருக்கு. அது கொத்துக் கொத்தாக விழ விழ, கூட்டத்தில் இருந்தவர்கள் முடியைப் பார்த்து எடையைக் கணக்குப் போட்டார்கள். "நூறு கிராம் தேறும்" என்றார் ஒருவர். "எரநூறு" என்றார் இன்னொருவர். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, திருப்பதிக்குத் தனியாக இன்னொரு மொட்டை போடுவதாக முணுமுணுத்து வேண்டிக்கொண்டாள். இரண்டு சோடா, ஒரு சொம்புத் தண்ணீர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் அங்கேயே செத்துப்போவேன் என்று தோன்றியது.

மொட்டைத் தலையோடு ஏறினார். முள் ஒரு மயிரிழை இறங்கியது, அவ்வளவுதான். அதிகாரி பெயரை அடித்தார். முடிக்கு உரிய சில கிராமை ஊர் இன்று வரைக்கும் கழித்துக்கொள்ளவில்லை, நானூறு நானூறாகவே நின்றுவிட்டது.

அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அப்பா சுவரோரம் உட்கார்ந்து, "எத்தன மூட்டைல எத்தன பேர் வயித்துல அடிச்சோமோ, அதெல்லாம் சேந்து எங்க மச்சான் தலையில எறங்கிடுச்சி" என்று அழுதார். அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை மண்டிக்குப் போனவர், அந்தத் தராசைச் சரிசெய்து முத்திரை வாங்காமல் பேனாவைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி கத்தினார். அப்பா அசையவில்லை. தராசு சரியானது. முதலாளி ஒரு வருஷத்துக்கு அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படி ஒரே வீட்டில் அப்பா ஒரு குற்றத்தையும் நான் ஒரு குற்றத்தையும் சுமந்துகொண்டு திரிந்தோம். நான் பேசுகிறவர்களின் பெயரை எழுதுவதை நிறுத்திக்கொண்டேன். டீச்சர் வேறு ஒருத்தியை லீடர் ஆக்கினார்.

மாமா அதோடு ஆடுவதை விட்டுவிட்டார். மனசு விட்டுப்போச்சு என்று ஊர் புரிந்துகொண்டது. படிப்பை முடித்தார், வேன் ஓட்டினார், பிறகு சொந்த வேன் வாங்கி வேங்கிக்காலில் வீடு கட்டினார். சலூனில் அவர் ஆட்டத்தைப் பற்றிய வழக்கு ஓயவே இல்லை. இவரை மாதிரி ஒருவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று ஒரு கட்சி. காலேஜ் பையன்களிடம் ஆடியதை வைத்து இவ்வளவு தூக்கக் கூடாது, பெரிய ஆட்டத்தில் என்ன ஆகியிருக்குமோ என்று இன்னொரு கட்சி. மாமா அங்கேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், தலையை நிமிர்த்த மாட்டார். சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் எடை பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். நானூறு கிராமின் அருமை தெரிந்தவர் அல்லவா. மிஷினில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையனின் முட்டியையும் அமுக்கிப் பார்ப்பார். அது ஏதோ அவருடைய பழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நடக்க முடியவில்லை என்று மாமாவை நான்தான் வேலூருக்கு ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஜவ்வு அறுந்து ரொம்ப வருஷம் ஆயிருக்கே. எப்ப பட்டது?" என்றார்.

"காலேஜ் ரெண்டாவது வருஷங்க. தீபம் முடிஞ்சி அடுத்த வாரம்" என்றார் மாமா, பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

தீபம் கார்த்திகையில். ஆள் எடுப்பு பங்குனியில். எனக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அப்ப அந்த சோடா?"

"ரெண்டு சோடா, ஒரு சொம்பு தண்ணி. தண்ணிய வுட்டுட்டியே." இடது முட்டியைத் தடவிக்கொண்டார். "மறுநாள் காலைல களத்துல எறங்கியிருந்தா மொத பாட்டுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், பாப்பா. கைதட்டினு நின்ன அத்தன பேரும் பாத்துனு இருப்பாங்க. உங்கப்பா மொத வரிசைல நின்னுனு இருப்பாரு. அந்த மண்டபத்துல உக்காந்து முட்டியப் பாத்தப்பதான் அது தோணிச்சு. எடையில போனா யாரும் என்னக் கேக்க மாட்டாங்க. எடையத்தான் திட்டுவாங்க."

"அப்பா அவரத்தான் திட்டிக்கினாரு, மாமா."

"தெரியும்" என்றார். "அது ஒண்ணுதான் நான் கணக்குல வைக்கல."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. ஊரில் இரண்டு கட்சிக்காரர்களும் இன்னும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சொல்லட்டும். என்னிடம் கேட்டால், அவர் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் மைதானத்தில் நடக்கவில்லை என்பேன்.

அதைப் பார்த்தவளும் நான் ஒருத்திதான். பஞ்சர் ஒட்டிய சைக்கிளில் அப்பா முன்னால் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார், கேரியரில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த எனக்கு மட்டுமே மாமாவின் முகம் தெரிந்தது. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, சிரித்த முகமாக ஓடி வந்தார். அதுவரை நான் பார்த்த மாமாவைவிட வயது குறைந்தவராக இருந்தார். சோடா உள்ளே போனதும் ஆளுக்கு எவ்வளவு தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.